கமலா மரத்தடி மண்

அந்தப் பைய மட்டும் மிதிச்சிராதீங்க தம்பி. இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் பண்ணல. கொண்டை ஊசி வளைவு வந்தா காலு தன்னால நகரும், அதுக்குச் சொன்னேன். இருங்க, என் மடியிலயே வச்சுக்கிறேன். வத்தலக்குண்டு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

வாசம் வருதா? காப்பித்தூளு. இந்த மலையில விளைஞ்சதுதான், ஆனா இங்க எந்தக் கடையிலயும் கெடைக்காது. இங்கிருந்து கப்பல் ஏறிப் போயி, ஜெர்மனின்னு சொன்னாங்க, அங்க வறுத்து அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறாங்க. அதுல ஒரே ஒரு பாக்கெட் திரும்பி வந்து இப்ப என் மடியில உக்காந்திருக்கு. எம்மக நாகஜோதிக்குக் கொண்டு போறேன். நிலக்கோட்டையில கட்டிக் குடுத்திருக்கு. மருமகன் பூ யாவாரம். மக எங்கூடப் பேசி ஒரு வருசமாச்சு. பேசலேன்னா பேசல. நான் என்ன செய்ய முடியும்?

நீங்க சுத்திப் பாக்க வந்தவுகளாக்கும். நல்லாப் பாத்தீங்களா? பனிதான் இருந்திருக்கும், வேற என்னத்தத் தெரியும் இந்த மாசத்துல. எம்பேரு தவசி. ஊர்ல பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது, தலைவருன்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவாங்க. எங்க காப்பி விவசாயிக சங்கத்துக்கு நான்தான் தலைவரா இருந்தேன். இப்ப இல்ல. அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல.

ஆர்கானிக்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உரம் போடாம, மருந்தடிக்காம வெள்ளாம பண்றது. அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு. கூடவே ஃபேர் ட்ரேடுன்னு இன்னொண்ணு. நியாயமான விலைன்னு அர்த்தமாம். மொத மீட்டிங்ல ஒரு மேடம் வந்து நியாய விலை, நியாய விலைன்னு பேசிட்டுப் போச்சு. மறுநா கூட்டத்துக்குப் பாதிப் பேரு ரேஷன் கார்டோட வந்து உக்காந்திருக்கான். அப்பிடி ஆளுகள வச்சு நான் அந்தச் சங்கத்த ஆரம்பிச்சேன். எல்லாம் துண்டு துண்டு நெலம். தனித்தனியா சர்டிபிகேட் வாங்க எவனுக்கும் வக்கு கெடையாது. அதனால மொத்தச் சங்கத்துக்கும் சேத்து ஒரே சர்டிபிகேட்டு. அதுல என்ன சங்கடம்னா, ஒருத்தன் தப்புப் பண்ணி மாட்டினாலும் எல்லாருக்கும் போயிரும். அப்புறம் மறுபடியும் பழைய கமிஷன் கடைக்காரன் வாசல்ல போயி நிக்கணும். அவன் சொல்றதுதான் வெல.

அதனால ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும்னு சட்டம். பாக்குற வேலைய நான் எடுத்துக்கிட்டேன். எந்தத் தோட்டத்துல எந்த மூலையில எத்தன மிளகுக் கொடி ஏறியிருக்குன்னு கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மூட்டைக்கு மூட்ட பெயிண்டுல நம்பரு. அந்த நம்பர வச்சு, அங்க ஜெர்மனியில ஒருத்தன் குடிக்கிற காப்பி இங்க யாரு நெலத்துல வெளஞ்சதுன்னு கண்டுபிடிச்சிரலாம். அம்புட்டு சுத்தம். எனக்கு மூக்கும் ஜாஸ்தி தம்பி. ஒருத்தன் சட்டையில மருந்து வாடை இருந்தா டீக்கடை பெஞ்சுல உக்காந்தே சொல்லிருவேன். "தலைவரு வர்றாரு, போயிக் குளிச்சுட்டு வாங்கடா"ன்னு பயலுக கேலி பேசுவாங்க. பேசட்டுமே.

பஞ்சவர்ணம்னு ஒரு பொம்பள. புருசன் இல்ல. எங்க சங்கத்துல இருந்துச்சு. அது வீட்டுக்குப் போற தடத்துல பாம்பு கெடந்துச்சுன்னு, புல்லு சாகுறதுக்கு ஒரு மருந்து விக்கிறான்ல, அத வாங்கித் தடத்துல மட்டும் தெளிச்சிருச்சு. தோட்டத்துல இல்ல, தடத்துல. நான் போனேன். ரெண்டு பக்கமும் புல்லு மஞ்சளாக் கெடக்கு. என்னம்மா இதுன்னேன். "பாம்புக்குப் பயந்து செஞ்சுட்டேண்ணே, இனிச் செய்ய மாட்டேன், இந்த ஒரு தடவ விட்டுருங்கண்ணே"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. கல்லு மனசா எனக்கு? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. கூட்டத்துல வச்சுப் பேர எடுத்துட்டேன். மூணு வருசம் வெளிய. என் வீட்டுக்காரி அன்னிக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தா. பாம்பு கடிச்சுச் செத்திருந்தா சட்டம் வந்து தூக்கியிருக்குமான்னு மட்டும் கேட்டா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது.

என் வீட்டுக்காரி பேரு ராமுத்தாய். காப்பி பறிக்கிறதுல அவள மாதிரி ஆளு கெடையாது. செவந்த பழம் மட்டும்தான் கைக்கு வரும், காய்ல வெரல் படாது. வெளிநாட்டுக்காரங்க ஒரு தடவ வந்தாங்க, யாரு தோட்டத்துக் காப்பிய வாங்குறோம்னு நேர்ல பாக்கணும்னு. அவங்க இவளத்தான் போட்டோ எடுத்தாங்க. இடுப்புல கூடை கட்டிக்கிட்டு நிக்கிறா. சிரிங்க சிரிங்கன்னா இவளுக்குச் சிரிப்பு வரல. கடைசியில அந்த வெள்ளக்காரன் செருப்பு வழுக்கி உக்காந்தான் பாருங்க, அப்பச் சிரிச்சா. அதைப் பிடிச்சுட்டாங்க.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மார்கழி. பழம் பறிக்கிற நேரம். நெஞ்சக் கரிக்குதுன்னு சொன்னா. சோடா குடின்னேன். கொஞ்ச நேரத்துல செடிக்கு ஊடால உக்காந்தா. உக்காந்தவ எந்திரிக்கல. கூடை சாஞ்சு பழமெல்லாம் சரிவுல உருண்டு போச்சு. நான் மொதல்ல பழத்தத்தான் பாத்தேன் தம்பி, என்னன்னு தெரியல, பழம் மண்ணுல விழுந்தாப் பிரிச்சு வைக்கணும்னு ஒரு சட்டம், அது மண்டையில ஓடுச்சு.

எங்க பக்கம் அவங்கவங்க நெலத்துலயே பொதைக்கிறதுதான் வழக்கம். ஊருக்குப் பொதுவுல ஓடைப் பக்கம் சுடுகாடு இருக்கு, நெலம் இல்லாதவுகளுக்கும் எடம் பத்தாதவுகளுக்கும் அது. எங்க தோட்டத்துக் கீழ் மூலையில ஒரு கமலா ஆரஞ்சு மரம். அவ கல்யாணமாகி வந்த புதுசுல நட்டது. என்னைய அங்க போட்டுருங்கன்னு எப்பவோ சொல்லியிருக்கா. அங்கதான் குழி வெட்டுச்சு.

இப்பச் சொல்றதக் கேளுங்க, இதுதான் விசயம். அவளுக்கு உலகத்துல பயம்னா ஒண்ணே ஒண்ணுதான், செல்லு. கரையான். அவ தாய்வீட்டுல இருந்து கொண்டாந்த மரப்பெட்டியில கூறச்சேல இருந்துச்சு. ஒரு மழக்காலத்துல தெறந்து பாத்தா பெட்டி இருக்கு, சேல இல்ல, மண்ணுதான் இருக்கு. அன்னைக்கு அழுத மாதிரி அவ எதுக்கும் அழுததில்ல. "செத்தா என்னையவும் இப்பிடித்தானே திங்கும்"னு அடிக்கடி சொல்லுவா. அது அவ தம்பி வீரணனுக்கும் தெரியும். எம் மச்சினன் நல்ல பய. வத்தலக்குண்டுக்கு மாலை, உப்பு, கோடிச்சேல வாங்கப் போனவன் கூடவே கரையான் மருந்து ஒரு கேனு வாங்கிட்டு வந்துட்டான். குழியச் சுத்தி, அடியில, பக்கத்துல, பூராம் தண்ணியில கலந்து ஊத்துறான். பால் மாதிரி வெள்ளையா ஓடுது. "எங்கக்காவ ஒரு பூச்சி தொடக் கூடாது மாமா"ன்னு அழுதுக்கிட்டே ஊத்துறான்.

நான் பக்கத்துல நிக்கிறேன். சங்கத்து ஆளுக பூராம் நிக்கிறாங்க. அம்புட்டுப் பேருக்கும் மூக்கு இருக்கு. எனக்கே வாடை ஏறுச்சு, ஏறலேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மருந்துன்னு புத்திக்கு எட்டல. அக்காவுக்குத் தம்பி செய்ற மொறைன்னுதான் தெரிஞ்சுச்சு. மண்ணள்ளிப் போட்டோம், வந்தோம்.

அப்புறம் மழை பேஞ்சுச்சு, பூ எடுத்துச்சு, காய் பிடிச்சுச்சு. நான் எப்பவும் போலத் தோட்டம் தோட்டமாப் போயிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வீட்டுல உக்காந்து என்ன செய்ய? ஆளுக வந்து துக்கம் கேப்பாங்க. ம்ம்பேன். சோறு பொங்கத் தெரியும் எனக்கு, ஒண்ணும் கஷ்டம் இல்ல. அழுகை வரும் வரும்னு பாத்தேன். வரல. இன்ன வரைக்கும் வரல. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு.

புரட்டாசியில சர்டிபிகேட்டு குடுக்கிறவங்க சொல்லாமக் கொள்ளாம ஆய்வுக்கு வந்தாங்க. அது எப்பவும் உள்ளதுதான். எங்க சங்கத்துக்கும் காப்பி வாங்குற கம்பெனிக்கும் நடுவுல ஷாலினின்னு ஒரு புள்ள, கோயம்புத்தூர்க்காரப் புள்ள, அதுதான் கூட்டிட்டு வந்துச்சு. என் தோட்டத்துல எந்த எடத்துல வேணும்னாலும் எடுங்கன்னேன், தைரியமா. தண்ணி வடியிற கீழ் மூலையில எடுத்தாங்க. மண்ணு கொஞ்சம், இலை கொஞ்சம். ஐப்பசியில ஷாலினி போன் பண்ணுச்சு. "ஐயா, உங்க மண்ணுல மருந்து இருக்கு ஐயா"ங்குது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வேற ஆளு மண்ணா இருக்கும் பாரும்மான்னேன். இல்ல ஐயா, உங்க மண்ணுதான்னுச்சு.

மேல பீன்ஸ் போடுற ராயப்பன்கிட்டப் போயி மல்லுக்கு நின்னேன். நீ அடிச்ச மருந்துதான் எறங்கியிருக்குன்னு. அவன், "யோவ், என் காடு அந்தப் பக்கம் சரியுது, கண்ணு தெரியலயா"ன்னான். உள்ளதுதான். அப்புறம் ஷாலினி அந்த மருந்து பேரச் சொல்லி, இது பீன்ஸுக்கு அடிக்கிறதுல ஐயா, பெரும்பாலும் கரையானுக்கு ஊத்துறதுன்னுச்சு. அப்பத்தான் எனக்கு அந்த வெள்ளைத் தண்ணி ஞாபகம் வந்துச்சு.

நான் மறைக்கல. அத எழுதி வச்சுக்கோங்க. மறைச்சிருந்தா, மருந்து எங்கிருந்து வந்துச்சுன்னு ஷாலினிக்குத் தெரிஞ்சிருக்காது. நானே கூட்டத்தக் கூட்டி, இன்ன மாதிரி இன்ன மாதிரின்னு சொல்லிட்டேன். ஷாலினிதான் எந்திரிச்சு, "ஐயா, இதுக்கு வழி இருக்கு. உங்க தோட்டத்த மட்டும் மூணு வருசம் வெளிய வச்சுட்டா மத்தவங்க சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த மூலையச் சுத்தி வரப்புப் போட்டு, செடியப் பிடுங்கிட்டு, அப்பிடியே விட்டுரலாம். அம்மா அங்கயே இருக்கட்டும்"னுச்சு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அம்மா இருக்கட்டும் தலைவரே, அம்மா இருக்கட்டும் தலைவரேன்னு ஆளாளுக்கு.

எனக்கு அது பிடிக்கல. அது என்ன, எனக்கு மட்டும் தனியா? என் தோட்டம் வெளிய போனா நான் எப்பிடித் தலைவரா இருக்கிறது? நான் இல்லாம அந்தச் சங்கம் நிக்குமா? ஒரு பய மூக்கால மோந்து பாக்க மாட்டான். அதோட, நாளைக்கு எவனாவது தப்புப் பண்ணிட்டு, தலைவரு பொண்டாட்டின்னா விட்டாங்கள்லன்னு கேப்பான். கேப்பானா மாட்டானா? தப்பு எங்க இருக்கோ அத அங்கிருந்து எடுக்கணும். அதுதான் மொற. நான் எடுத்துர்றேன்னேன். ஷாலினி, "எத ஐயா?"ன்னுச்சு. குழியன்னேன். "ஐயா, யாரும் அதக் கேக்கலயே ஐயா"ன்னு அந்தப் புள்ள அழுதுருச்சு. படிச்ச புள்ள, கூட்டத்துல அழுகுது.

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல பஞ்சவர்ணம் நிக்குது. எப்பிடியோ காதுக்கு எட்டியிருக்கு. உள்ள வரல. "மதினிய எடுக்காதீங்கண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன்"னுச்சு. இதுக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம், நீ சங்கத்துல கூட இல்லன்னேன். குத்திக் காட்ட வந்திருக்குன்னு நெனச்சேன். இல்லாட்டி அதுக்கு என்ன அக்கற? நான்தான அத வெளிய அனுப்பினவன். அது அப்பிடியே திரும்பிப் போயிருச்சு.

கார்த்திகையில ஒரு காலையில, நச நசன்னு தூத்தல். குழி வெட்டுற ஆளுக ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனேன். மச்சினனுக்குச் சொல்லி விட்டேன், வந்தான். வந்தவன் மம்பட்டியத் தொடல. கமலா மரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "அவளுக்குன்னு நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் மாமா அது"ன்னான். அப்புறம் பேசல. இன்னும் பேசல. எங்கூடப் பேசாதவுக வரிசையில அவனையும் சேத்துக்கோங்க.

என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். பாய் அரிக்கல. கோடிச்சேல அரிக்கல. சரிகை கூட அப்பிடியே. ஒரு எறும்பு இல்ல, ஒரு செல்லு இல்ல. நல்ல மருந்துதான் வாங்கியாந்திருக்கான்.

ஓடைப் பக்கம் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம். மழை வலுத்துருச்சு. ஆளுக நடுங்குறாங்க, சீக்கிரம் சீக்கிரம்ங்கிறாங்க. ஒரு எடத்துல வெட்டி, வச்சு, மூடி, தலைமாட்டுல ஒரு கல்ல நட்டுட்டு வந்தோம். ஆளுக அப்பிடியே போயிட்டாங்க. நான் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, அந்த விசமண்ணப் பூராம் அள்ளி வெளியேத்தி, மேல இருந்து நல்ல மண்ணு கொண்டாந்து குழிய மூடுனேன். பள்ளமாக் கெடந்தா நல்லா இல்லன்னு கொஞ்சம் மேடாவே அணைச்சு விட்டேன். பழையபடி ஆயிருச்சு.

கேளுங்க, இதுக்கு அப்புறமும் என் தோட்டம் வெளியதான். எடுத்தாலும் எடுக்காட்டியும் மூணு வருசம்னா மூணு வருசம்தானாம். அவளுக்காக மாத்த முடியாது, எனக்காக மாத்த முடியாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. ஷாலினி அதச் சொல்ல முடியாமச் சொல்லுச்சு. நான் சொன்னேன், சரிதாம்மா, சட்டம்னா அப்பிடித்தான் இருக்கணும்னு. வேற என்ன சொல்றது? சங்கத்துக்கு வேற ஆளத் தலைவராப் போட்டாங்க. சங்கம் நல்லாத்தான் நடக்குது. நான் இல்லாமயும் நடக்குது. பஞ்சவர்ணத்தத் திரும்பச் சேத்துக்கிட்டாங்க, அது கெடு முடிஞ்சிருச்சுல்ல.

எம்மகளுக்கு இது எதுவும் தெரியாது. சொல்லல. எதுக்குச் சொல்லணும், கைப்புள்ளக்காரி. மார்கழியில மொத வருசத் தெவசத்துக்கு வந்துச்சு. நிலக்கோட்டையில இருந்து ஒரு கூடை மல்லிகைப்பூ. பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குக் கூட வரல, நேரா தோட்டத்துக்கு, நேரா கமலா மரத்தடிக்கு. கூடையக் கவுத்தி அம்புட்டுப் பூவையும் அந்த மேட்டுல கொட்டி, அது மேல விழுந்து அழுகுது. அம்மா அம்மான்னு. மண்ண எடுத்து நெத்தியில பூசுது. புள்ளைய அதுல உக்கார வச்சு, அம்மாச்சியக் கும்பிட்டுக்கடாங்குது.

நான் பக்கத்துல நின்னேன். ஊர்க்காரங்க நாலு பேரு நின்னாங்க. யாரும் வாயத் தெறக்கல. அவங்க என்னையப் பாக்குறாங்க, நான் மரத்தப் பாக்குறேன். "என்னப்பா, நேத்து அள்ளிப் போட்ட மண்ணு மாதிரி இருக்கு"ன்னு கேட்டுச்சு. மழைக்கு அமுங்கிருச்சும்மா, திரும்ப அணைச்சு விட்டேன்னேன். அது பொய்யா தம்பி? அணைச்சது நான்தானே.

திரும்பிப் போகையில பஸ் ஸ்டாப்புல மச்சினன் பொண்டாட்டி சொல்லிருச்சு. ராத்திரி போன் வந்துச்சு. "நான் யாருக்குப்பா பூப் போட்டேன்?"னு கேட்டுச்சு. அவ்வளவுதான். நான் ஹலோ ஹலோங்குறேன், வச்சிருச்சு. அதுக்கப்புறம் ஒரு வருசமா ஒண்ணும் இல்ல. அதுக்கு என்ன கோவம்னு எனக்கு இன்னும் வெளங்கல. அம்மாவுக்குத்தான போட்டுச்சு, மனசுல நெனச்சுத்தான போட்டுச்சு.

முந்தாநாத்து திடீர்னு போன். குரலக் கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டேன். "வெள்ளிக்கிழமை தெவசத்துக்கு வர்றேன். அம்மா இருக்கிற எடத்தக் காட்டு. நீ எங்கூடப் பேச வேண்டாம், எனக்குச் சோறு போட வேண்டாம். எடத்த மட்டும் காட்டிட்டுப் போயிரு"ன்னுச்சு. சரிம்மான்னேன்.

நேத்து போனேன் சுடுகாட்டுக்கு. அன்னிக்குப் போட்டதோட சரி, அப்புறம் அந்தப் பக்கம் நான் போகல. பூராம் உண்ணிச்செடி மண்டிக் கெடக்கு. போன மழைக்கு ஓடை பெருகி ஒரு பக்கம் அரிச்சு எடுத்திருக்கு. கல்லு நட்டேன்னு சொன்னேன்ல? எல்லாரும் கல்லுதான் நட்டிருக்காங்க. நான் ஒவ்வொரு கல்லாப் போயி நின்னு பாத்தேன். இதுவா இருக்கும்ங்கிறேன், அடுத்ததப் பாத்தா அதுவும் அப்பிடித்தான் இருக்கு. பொழுது சாயிற வரைக்கும் நின்னேன். எனக்குத் தெரியல தம்பி. எங்கன்னு எனக்குத் தெரியல.

குழி வெட்டுன ஆளுகளா? பொழப்புக்குக் கேரளாவுக்குப் போயிட்டாங்க. மச்சினன் அன்னிக்குத் தோட்டத்தோட திரும்பிட்டான். தெரிஞ்ச ஆளுன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான், பஞ்சவர்ணம். அது புருசன் அங்கதான் இருக்கான். வாராவாரம் வெளக்குப் போட வரும். புருசன் கல்லுக்கு மட்டும் இல்ல, பக்கத்துல இன்னொரு கல்லுக்கும் வெளக்குப் போடுதுன்னு ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் சொன்னான். இன்னொண்ணு யாருக்குன்னு நான் கேக்கல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அதான், மககிட்ட நேர்ல போயி, தெவசத்துக்கு வர வேண்டாம்னு சொல்லிரலாம்னு கெளம்பிட்டேன். வெறுங்கையோட போனா வாசல்லயே நிறுத்திரும்ல, அதுக்குத்தான் இந்தப் பாக்கெட்டு. போன வாரம் ஷாலினி கொண்டாந்து குடுத்துச்சு. இந்தாங்க, பாருங்க. இதான் ராமுத்தாய். அந்த வெள்ளக்காரன் விழுந்ததுக்குச் சிரிச்சது. இந்தத் தூளு எங்க தோட்டத்துது இல்ல, எங்களுதுதான் வெளிய இருக்கே. ஆனா படம் அவதான். இத வீட்டுல வச்சு வெளக்கேத்திக்கோம்மான்னு சொல்லலாம்னு. சுடுகாட்டுக்கு எதுக்கு வரணும், முள்ளும் புதரும். இதுல மொகமே இருக்கு.

கீழ என்ன எழுதியிருக்கா? அதையும் ஷாலினி படிச்சுச் சொல்லுச்சு. "இது எங்கிருந்து வந்ததென்று எங்களுக்குத் தெரியும்"னு போட்டிருக்காம்.

பஞ்சவர்ணத்துகிட்டக் கேட்டா என்னன்னா கேக்குறீங்க? கேக்கலாம். நீங்க லேசாச் சொல்லிட்டீங்க. கையப் பிடிச்சு அழுத பொம்பள தம்பி அது. அதுகிட்டப் போயி நின்னு என்னன்னு கேப்பேன்?

வத்தலக்குண்டு வந்துருச்சு. எறங்குங்க, பாத்து. நிலக்கோட்ட வண்டி அந்தா அந்தப் பக்கம் நிக்கும், நான் அதுலதான் ஏறணும். கண்டக்டரு, இந்த வண்டி திரும்ப மேல எப்பக் கெளம்பும்? டீ குடிச்சதும் உடனேயா? சரி சரி.

நீங்க போங்க தம்பி. நான் இப்பிடியே உக்காந்திருக்கேன். பஞ்சவர்ணம் வீட்டு வாசல்ல போயி நின்னா, "உள்ள வாங்கண்ணே"ன்னுதான் சொல்லும், எனக்குத் தெரியும், அது அப்பிடித்தான். அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கணும்ல. என் பொண்டாட்டி எங்கம்மா இருக்கான்னு கேக்கணும்ல.